தண்ணீருக்கு நடுவே வாழும் நமக்கு நீச்சல் சொல்லித்தர யார்?



உங்கள் மகளுக்குத் தையல் பழக்க ஒருவர் வேண்டும் என்று வையுங்கள். அஸருக்குப் பிறகு பக்கத்து வீட்டு ராத்தாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மஃரிபுக்குள் மூன்று பேருடைய பெயர் வந்துவிடும். யார் நன்றாக வெட்டப் பழக்குவார், யார் பாதியில் விட்டுவிடுவார், யார் முழுக் காசையும் முன்கூட்டியே கேட்பார் என்பதெல்லாம் கூடவே வரும். கேக்கிற்கு ஐசிங் போட, பூவேலை செய்ய, ஆங்கிலம் பேச, குர்ஆன் ஓத என்று எதற்கும் நம் ஊர்களில் வீதிக்கு ஒரு ஆசிரியை இருக்கிறார்.

இப்போது வேறொன்று கேட்டுப் பாருங்கள். "என்ட புள்ளைக்கு நீச்சல் பழக்க ஒரு பொம்புளை டீச்சர் இரிக்காவா?"

முதலில் சிரிப்பார்கள். பிறகு, "நீச்சலா? நமக்கெதுக்கு?" என்பார்கள். இன்னும் வற்புறுத்திக் கேட்டால், "ஆம்புளை மாஸ்டர் ஒராள் இரிக்காராம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இதில் ஒரு விந்தை உண்டு. நீச்சலே தெரியாமல் வாழ்ந்துவிடலாம் என்று சொல்லத்தக்க ஊரா நம்முடையது? மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளமானது. ஏறாவூர்ப் பக்கத்தில் தொடங்கி கல்முனைப் பக்கம் வரை கிடக்கிறது. புத்தகத்தில் அது வாவி. நம் பேச்சில் அது ஆறு. காத்தான்குடியில் மேற்கே போனால் ஆற்றங்கரை, கிழக்கே போனால் கடற்கரை. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஒடுங்கிய நிலத்தில் வீடுகட்டி, பிள்ளை பெற்று, பேரப்பிள்ளை கண்டு வாழ்கிறோம். எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் போகவர, 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை அந்த இடத்தில் பாதையைத்தான் நம்பியிருந்தோம். வயலுக்குப் போனவர்களும் உறவு பார்க்கப் போனவர்களும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீரைக் கடந்தார்கள். அந்தத் தாய்மாரில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரிந்திருக்கும்?

கணக்கு சொல்லும் கசப்பு

2004 டிசம்பர் 26 ஆம் திகதியை நம் கரையோரத்தில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. நாவலடி, கல்லடி, காத்தான்குடி, பூநொச்சிமுனை, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று கடலை அண்டியிருந்த ஊர்களில் வீட்டுக்கொரு கதை இருக்கிறது. மூன்று மாதம் கழித்து, 2005 மார்ச்சில், ஒக்ஸ்பாம் நிறுவனம் ஒரு அறிக்கை வெளியிட்டது. சுனாமி தாக்கிய பல இடங்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகமாக இறந்தார்கள் என்று அது எடுத்துக்காட்டியது. காரணங்கள் பல. பெண்கள் வீட்டில் இருந்தார்கள். பிள்ளைகளையும் முதியவர்களையும் விட்டு ஓட மனம் வரவில்லை. இவற்றோடு இலங்கையைப் பற்றி இன்னொரு காரணமும் சொல்லப்பட்டது. இங்கே நீந்தவும் மரம் ஏறவும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளே பழகுகிறார்கள் என்பதுதான் அது.

சுனாமி போன்ற பேரலையில் நீச்சல் தெரிந்தவர் எல்லோரும் தப்பிவிடுவார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அடித்துவரும் மரமும் கூரையும் எவரையும் விடாது. ஆனால் அலை இழுத்துச் சென்று வாவிக்குள் போட்ட பின், மிதந்துகொண்டு ஒரு பலகையைப் பிடிக்கும்வரை தாக்குப்பிடிக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா?

அதுவும் சுனாமி அரிதாக வருவது. தண்ணீர் அரிதானதல்ல. 2021 நவம்பர் 23 ஆம் திகதி காலையில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பாடசாலைக்குப் போன பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டார்கள். 2024 நவம்பர் 26 ஆம் திகதி, காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே வெள்ளத்தில் உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு மத்ரஸாப் பிள்ளைகள் பலர் உயிரிழந்தார்கள். வெள்ளத்தின் வேகத்தில் நீச்சல் எந்தளவு உதவியிருக்கும் என்பது வேறு விடயம். தண்ணீர் நம் அன்றாட வழியில் கிடக்கிறது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

உலகம் முழுவதும் 2021 ஆம் ஆண்டில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அதில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஐந்து வயதுக்கும் குறைந்த குழந்தை. பள்ளிவயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிப்பது அந்நிறுவனம் பரிந்துரைக்கும் முக்கிய வழிகளில் ஒன்றாகும்.

"பிள்ளைகள்" என்றால் யார்?

பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் குதிரையேற்றமும் கற்பிக்க வேண்டும் என்று உமர் (ரலி) அவர்கள் பெயரால் வழங்கும் கூற்றை நம் மேடைகளில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். அதைச் சொல்பவரும் கேட்பவரும் மனதில் காண்பது ஒரு பையனைத்தான். மகன் ஆற்றில் குதித்து விளையாடினால், "ஆம்புளைப் புள்ளை, பழகட்டும்" என்கிறோம். மகள் கரைக்குப் போனால், "இங்கே வா!" என்று கூப்பிடுகிறோம். ஆனால் ஆறு இவன் மகன், இவள் மகள் என்று பார்த்தா இழுக்கிறது?

நம் பெண்கள் நீந்தப் பழகாமல் இருப்பதற்கு மார்க்கம் காரணமல்ல. ஏற்பாடு இல்லாமையே காரணம். உடை, இடம், சொல்லித்தருபவர் ஆகிய மூன்றும் சரியாக அமைந்தால் பெரும்பாலான உம்மாமாரும் வாப்பாமாரும் மறுக்கப்போவதில்லை. மூன்றில் மிகக் கடினமானது சொல்லித்தருபவரைக் கண்டுபிடிப்பதுதான். ஆகவே அதை முதலில் பார்ப்போம்.

நல்ல ஆசிரியையை எப்படி அறிவது?

தையல் ஆசிரியை சரியில்லை என்றால் இரண்டு யார் துணி வீணாகும். நீச்சல் ஆசிரியர் சரியில்லை என்றால் வீணாவது துணியல்ல. எனவே "தெரிந்தவர், நல்ல மனுசி" என்பதோடு நிறுத்திவிடாமல், சங்கடப்படாமல் சில கேள்விகளைக் கேளுங்கள். நல்ல ஆசிரியை கோபிக்கமாட்டார். கேட்டதற்குச் சந்தோஷப்படுவார்.

ஒன்று: எங்கே பழகினீர்கள்? நன்றாக நீந்தத் தெரிவது வேறு, நீந்தக் கற்பிக்கத் தெரிவது வேறு. பாடசாலைப் போட்டியில் பதக்கம் வாங்கியவர் எல்லோரும் ஆசிரியர் ஆகிவிடமாட்டார். நீச்சல் பயிற்றுநர் பயிற்சி, உயிர்காப்புப் பயிற்சி, முதலுதவிப் பயிற்சி இவற்றில் எது இருக்கிறது, எந்த ஆண்டில் பெற்றார் என்று கேளுங்கள். சான்றிதழைப் பார்க்கக் கேட்பதில் தவறில்லை.

இரண்டு: ஒரு நேரத்தில் எத்தனை பேர்? தொடக்கத்தில் ஒரு ஆசிரியைக்கு நாலைந்து பேருக்கு மேல் தண்ணீரில் இருக்கக்கூடாது. சிறு பிள்ளைகள் என்றால் இன்னும் குறைவாக இருக்கவேண்டும். இருபது பேரை இறக்கிவிட்டுக் கரையில் நின்று விசில் ஊதுபவரிடம் உங்கள் பிள்ளையை விடாதீர்கள்.

மூன்று: கரையில் யார் நிற்பார்? ஆசிரியை தண்ணீரில் இருக்கும்போது கரையிலிருந்து தலைகளை எண்ணிக்கொண்டிருக்க இன்னொருவர் வேண்டும். கைப்பேசியில் கண் வைத்திருப்பவர் காவலர் ஆகமாட்டார்.

நாலு: முதல் நாள் என்ன செய்வீர்கள்? இதுதான் மிக முக்கியமான கேள்வி. "கையை இப்படி வீசு, காலை அப்படி அடி" என்று தொடங்குபவரைவிட, மூச்சில் தொடங்குபவரே கெட்டிக்காரர். முகத்தைத் தண்ணீரில் வைத்துக் குமிழி விடுவது, சுவரைப் பிடித்து உடலை மிதக்கவிடுவது, மல்லாந்து மிதப்பது, விழுந்த நிலையிலிருந்து எழுந்து நிற்பது ஆகியவையே முதல் பாடங்கள். "தூக்கிப் போட்டால் தானாக நீந்தும்" என்று சொல்பவரிடமிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உடனே வந்துவிடுங்கள். அப்படிப் போடப்பட்ட பிள்ளை நீச்சலைக் கற்பதில்லை. பயத்தைத்தான் கற்கிறது, அந்தப் பயம் ஆயுளுக்கும் போவதில்லை.

ஐந்து: நான் இருந்து பார்க்கலாமா? "உம்மாமார் நின்றால் பிள்ளை பழகாது" என்று சிலர் சொல்வார்கள். பேசாமல் தூரத்தில் இருக்கிறேன் என்று சொல்லுங்கள். பார்க்கவே கூடாது என்றால் அந்த வகுப்பு வேண்டாம். நீச்சல் பழக்கும்போது பிள்ளையின் தலையின் கீழும் முதுகின் கீழும் கை கொடுக்கவேண்டி வரும். அது எப்படி, எங்கே என்று ஆசிரியை முதலிலேயே உங்களுக்கும் பிள்ளைக்கும் காட்டவேண்டும். அதற்கு மேல் தொடவேண்டிய தேவை இல்லை. "உனக்குப் பிடிக்காதபடி யாராவது தொட்டால் உடனே என்னிடம் சொல்" என்று பிள்ளையிடம் வெட்கப்படாமல் சொல்லிவையுங்கள். சொல்லித்தருபவர் ஆணானாலும் பெண்ணானாலும், தெரிந்தவரானாலும் தெரியாதவரானாலும் இது பொது.

ஆறு: எத்தனை நாளில் முடியும்? "ஏழு நாளில் நீச்சல், உத்தரவாதம்" என்றால் யோசியுங்கள். ஒரு பிள்ளை பத்து வகுப்பில் மிதக்கும். இன்னொன்றுக்கு முப்பது தேவைப்படும். நாற்பது வயது உம்மாவுக்குத் தண்ணீருக்குள் முகம் வைக்கவே இரண்டு வாரம் ஆகலாம். அவசரப்படுத்தாத ஆசிரியையே நம்பத்தக்கவர்.

காசு விடயத்திலும் கவனமாக இருங்கள். ஆறு மாதக் காசை முன்கூட்டியே கட்டவேண்டாம். வகுப்புக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ கொடுத்து, சிறு துண்டிலாவது பற்றுச்சீட்டு வாங்குங்கள். மழை நாளிலும் மாதவிலக்கு நாட்களிலும் தவறும் வகுப்பை வேறு நாளில் ஈடுசெய்வாரா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டுப் பேசாமல் விட்டு, பிறகு மனஸ்தாபப்படுவதைவிட இது நல்லது. ரமழானில் வகுப்பை நிறுத்துவதா, இரவில் வைப்பதா என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். பழகுபவர் தண்ணீர் விழுங்குவது வழக்கம் என்பதால் நோன்பு நேரத்தில் பழகாமலிருப்பதே நிம்மதி.

உங்கள் பக்கமும் ஒரு கடமை உண்டு. பிள்ளைக்கு வலிப்பு, இழுப்பு, இதய நோய், காதில் சீழ் ஏதும் இருந்தால் மறைக்காமல் ஆசிரியையிடம் சொல்லுங்கள். வலிப்பு உள்ள பிள்ளையை வைத்தியரிடம் கேட்காமல் தண்ணீரில் இறக்கவே கூடாது.

இறுதியாக, அவரிடம் பழகிய இரண்டு பேரைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள். "நல்லாப் பழக்குவாவா?" என்று கேட்டால் எல்லோரும் "ஓம்" என்பார்கள். "உங்கட மகள் இப்ப எவ்வளவு நேரம் மிதப்பா? ஆழத்துல விழுந்தா என்ன செய்வா?" என்று கேளுங்கள். அதற்கு வரும் பதிலில் ஆசிரியையின் தரம் தெரிந்துவிடும்.

எங்கே பழகுவது?

ஆறு வீட்டுக்குப் பின்னால் கிடக்கிறதே, அங்கேயே பழகலாமே என்று தோன்றும். பொறுங்கள். வாவியின் அடி பல இடங்களில் சேறு. கால் புதையும். வலையும் கம்பும் கண்டல் வேரும் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். சில பக்கங்களில் முதலையும் உண்டு. வடகீழ்ப் பருவமழை பெய்யும் மாதங்களில் முகத்துவாரம் வெட்டுப்பட்டால் நீர் கடலை நோக்கிப் பாயும் வேகம் மீனவர்களையே மிரட்டும். முகத்துவாரத்தின் அருகே எந்தக் காலத்திலும் யாரும் பழகக்கூடாது. கடலும் அந்த மாதங்களில் கொந்தளிக்கும். அமைதியாகத் தெரியும் நாளிலும் கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் இருக்கலாம். மண் தோண்டிய குழிகளில் மழைநீர் தேங்கிய இடங்கள் இன்னும் மோசம். ஓரத்திலேயே திடீரென்று ஆள்மட்டத்துக்கு இறங்கும்.

ஆகவே தொடக்கத்துக்குச் சிறந்தது நீச்சல் தடாகமே. அடி தெரியும் தெளிந்த நீர், பிடித்து நிற்கச் சுவர், நெஞ்சுக்கு மேல் போகாத ஆழம் இம்மூன்றும் வேண்டும். பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரம் உண்டா, அந்த நேரத்தில் உயிர்காப்பாளரும் பெண்தானா, வெளியிலிருந்து பார்க்கும் ஜன்னலோ கமராவோ உண்டா, கைப்பேசியை உள்ளே கொண்டுவரத் தடை உண்டா என்று நேரில் போய்ப் பாருங்கள். "லேடீஸ் டைம்" என்று பலகையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

தடாகம் கிடைக்கவே இல்லை என்றால், அந்த இடத்தை நன்றாக அறிந்த மீனவர் ஒருவர் காட்டும் மணற்பாங்கான, ஆழமற்ற, ஒதுக்குப்புறமான நீர்ப்பகுதியில், கயிறு கட்டி எல்லை போட்டு, பயிற்சி பெற்ற ஆசிரியையோடு மட்டுமே இறங்கலாம். உப்புக் கலந்த நீரில் உடல் சற்று எளிதாக மிதக்கும் என்பது அதில் ஒரு நன்மை.

என்ன உடுப்பது?

அபாயாவோடு தண்ணீரில் இறங்குவது ஆபத்து. நனைந்த துணி கனக்கும், காலில் சுற்றும், மேலெழும்பி முகத்தை மூடும். பருத்தித் துணியும் அப்படியே. உடல் மறைய வேண்டும், ஆனால் துணி நீரைக் குடிக்கக்கூடாது.

இதற்கு ஒரு வழியை ஒரு முஸ்லிம் பெண்ணே கண்டுபிடித்தார். லெபனானில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வாழும் அஹீதா ஸனெட்டி, 2004இல் தலை முதல் கணுக்கால் வரை மறைக்கும் நீச்சல் உடையை வடிவமைத்தார். அதுதான் "புர்கினி" என்று பெயர் பெற்றது. 2007இல் சிட்னியின் க்ரனல்லா கடற்கரையில் அவ்வுடை அணிந்த ஒரு முஸ்லிம் இளம்பெண் உயிர்காப்பாளராகக் கடமை ஏற்றார்.

விலை கொடுத்து வாங்க முடியாவிட்டால் நம் ஊரில் தையலுக்கா பஞ்சம்? நீரை உறிஞ்சாத, இழுபடும் நைலோன் வகைத் துணியில் நீளக் காற்சட்டை, முழங்கால் வரை வரும் மேற்சட்டை, தலையோடு ஒட்டிய தொப்பி என்று தைக்கலாம். மேற்சட்டையை உள்ளே காற்சட்டையோடு இரண்டு இடத்தில் பிணைத்துவிட்டால் தண்ணீரில் மேலே எழும்பாது. தொங்கும் நாடாவோ கழுத்தைச் சுற்றும் துணியோ இருக்கக்கூடாது. கடும் நிறத்தில், தண்ணீரில் பளிச்சென்று தெரியும் துணியாக எடுங்கள். மூழ்கும் பிள்ளை கண்ணுக்குத் தெரியவேண்டும்.

ஆசிரியை இல்லையென்றால் உருவாக்குவோம்

இவ்வளவும் சொல்லிவிட்டு, "அப்படிப்பட்ட பெண் ஆசிரியையை எங்கே தேடுவது?" என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. நியாயமான கேள்வி. இல்லாத இடங்களில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

சுனாமிக்குப் பின் நம் நாட்டின் தென்கரையில் கிறிஸ்டினா ஃபொன்ஃபே என்ற ஆங்கிலேயப் பெண்மணி பெண்களுக்கு இலவசமாக நீச்சல் பழக்கத் தொடங்கினார். அது இலங்கைப் பெண்கள் நீச்சல் திட்டம் என்று வளர்ந்தது. பெண்களுக்குப் பெண்களே பழக்குவது, பழகிய உள்ளூர்ப் பெண்களையே ஆசிரியைகளாக்குவது என்பதே அதன் வழி.

ஆபிரிக்காவின் சன்சிபார் தீவு ஏறக்குறைய முழுவதும் முஸ்லிம்கள் வாழும் இடம். நம்மைப் போலவே கடல் சூழ்ந்தது. நம்மைப் போலவே பெண்பிள்ளைகள் நீந்தாத ஊர். அங்கே நுங்க்வி கிராமத்தில் 2011இல் தொடங்கிய "பன்ஜே" திட்டம் பெண்பிள்ளைகளுக்கு முழு உடலையும் மறைக்கும் உடை கொடுத்து நீச்சல் பழக்கியது. அதற்காக உள்ளூர்ப் பெண்களையே பயிற்றுநர்களாகத் தயார்செய்தது. தன் ஊர்ப் பெண் ஒருத்தி முன்னால் நின்றபோது, மறுத்த பெற்றோரின் மனம் இளகியது.

வங்காள தேசத்தில் கிராமத்துக் குளங்களிலேயே மூங்கிலால் மேடை கட்டி, ஆழத்தை மட்டுப்படுத்தி, நாலு முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்கு உள்ளூர்வாசிகளே பழக்கினார்கள். 25 மீற்றர் நீந்துவதும் அரை நிமிடம் மிதப்பதும் அங்கே தேறுவதற்கான அளவு. பழகிய பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது, பழகாத பிள்ளைகளோடு ஒப்பிடுகையில் 90 வீதத்துக்கும் மேல் குறைந்தது என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆடம்பரத் தடாகம் இல்லை, வெளிநாட்டுப் பயிற்றுநர் இல்லை. மூங்கிலும் ஒழுங்கும்தான்!

நம் கிழக்கிலேயே அறுகம்பையில் 2018இல் பெண்களுக்கென்று ஒரு அலைச்சறுக்குக் கழகம் உருவானது. முதலில் முணுமுணுத்த ஊர், பிறகு பழகிக்கொண்டது.

எனவே நாம் செய்யக்கூடியது இதுதான். சாச்சி, மாமி, ராத்தா, அடுத்த வீட்டுப் பெண் என்று எட்டுப் பேர் சேருங்கள். நம் பகுதியில் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கத்தால் உம்மாவும் சகோதரிகளும் ஒரே வளவிலோ ஒரே ஒழுங்கையிலோ வாழ்கிறோம். ஆள் சேர்ப்பது கஷ்டமல்ல. எட்டுப் பேர் சேர்ந்தால் வெளியூரிலிருந்து வரும் ஆசிரியையின் போக்குவரத்துச் செலவைப் பகிரலாம். தடாகத்தில் ஒரு மணி நேரத்தை முழுமையாக எடுக்கலாம். ஹோட்டல் தடாகத்தைக்கூடக் கூட்டம் குறைந்த காலை வேளைக்குக் கேட்டுப் பார்க்கலாம். தனியொருத்தி கேட்டால் "இல்லை" என்பவர், எட்டுப் பேர் எழுத்தில் கேட்டால் யோசிப்பார்.

பழகியவர்களில் தைரியமான இரண்டு இளம்பெண்களைத் தேர்ந்து, பயிற்றுநர் பயிற்சிக்கும் உயிர்காப்புப் பயிற்சிக்கும் அனுப்ப அந்தக் குழுவே செலவிடட்டும். பள்ளிவாசல் நிர்வாகமும் பாடசாலையும் பிரதேச செயலகமும் உதவலாம். கேளுங்கள். இரண்டு வருடத்தில் நம் ஊருக்கு நம் ஆசிரியை இருப்பார். படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அது ஒரு கௌரவமான வருமானமும் ஆகும்.

பழகும் வரை... பழகிய பின்னும்

நீச்சல் தெரிந்த பிள்ளையையும் தண்ணீரருகே தனியே விடக்கூடாது. மூழ்குபவர் சினிமாவில் போலக் கூச்சலிடமாட்டார். வாய் தண்ணீருக்குள் இருக்கையில் சத்தம் எப்படி வரும்? பெரும்பாலும் அமைதியாகவே நிமிடங்களில் முடிந்துவிடும். சின்னக் குழந்தைக்கு வாளித் தண்ணீரே போதும். கிணற்றுக்கு மூடி போடுங்கள். காற்றடைத்த கைப்பட்டிகளை நம்பாதீர்கள். அவை விளையாட்டுப் பொருள்கள், உயிர்காப்புச் சாதனம் அல்ல.

யாராவது மூழ்கினால் பின்னால் குதிக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றக் குதித்து இருவராய் மாண்ட கதைகள் நம் கரைகளில் ஏராளம். நீளமான கம்பை நீட்டுங்கள். துப்பட்டாவையோ கயிற்றையோ எறியுங்கள். மூடி இறுக்கிய வெற்றுப் பிளாஸ்டிக் கலன் ஒன்று வளர்ந்தவரையும் மிதக்கவைத்திருக்கும். படுத்துக்கொண்டு நீட்டினால் நீங்கள் இழுபடமாட்டீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் கூடாது. அது நேரத்தை வீணாக்கி, தீங்கும் செய்யும். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து நெஞ்சை அமுக்கும் முதலுதவியை உடனே தொடங்கவேண்டும். இதை எழுத்தில் படித்துப் பழக முடியாது. நேரில் பயிற்சி பெறுங்கள். உங்கள் எட்டுப் பேர் குழுவின் முதல் வகுப்பு இதுவாகவே இருக்கட்டும். அதற்குத் தடாகமும் வேண்டாம், நீச்சல் உடையும் வேண்டாம். ஒருவர் வீட்டு விறாந்தை போதும்.

"இந்த வயசுல எனக்கு என்னத்துக்கு?" என்று நினைக்காதீர்கள். பிள்ளையோடு சேர்ந்து தண்ணீரில் இறங்கும் உம்மாவைக் கண்ட பிள்ளை பாதிப் பயத்தைக் கரையிலேயே விட்டுவிடும். பொதுவாகப் பெண்களின் உடலில் கொழுப்பு சற்று அதிகம் என்பதால், மிதப்பது நமக்கு ஆண்களைவிட எளிது. மூட்டுவலி உள்ளவருக்கும் கனத்த உடம்பு உள்ளவருக்கும் தண்ணீருக்குள் செய்யும் பயிற்சி இதமானது. பொழுதுபோக்காகவே தொடங்குங்கள். வாரத்தில் இரண்டு நாள், வீட்டு வேலையும் அடுப்பும் மறந்து ஒரு மணி நேரம், நாலு பெண்கள் சேர்ந்து சிரித்துக்கொண்டு பழகுங்கள்.

ஐக்கிய நாடுகள் சபை 2021 முதல் ஜூலை 25 ஆம் திகதியை மூழ்குதலைத் தடுக்கும் நாளாக அனுசரிக்கிறது. ஜூலை வரும்வரை காத்திருக்காதீர்கள். இன்று அஸருக்குப் பின் பக்கத்து வீட்டு ராத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சிரித்தால் சிரிக்கட்டும். "முதல் ஆள் நான், இரண்டாவது ஆள் நீங்க" என்று சொல்லி, ஒரு தாளில் இரண்டு பெயரையும் எழுதிவையுங்கள். மீதி ஆறு பெயர் வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.